பம்பின் மேல் ஈரத்துணி

மகனே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. மூன்று தடவை படித்தேன். பாதி தமிழும் பாதி மலையாள எழுத்துமாக நீ எழுதுவது எனக்குப் பழகிப் போனதுதான். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்? கோயம்புத்தூரில் உன் வேலை நிரந்தரமானதில் எனக்குச் சந்தோஷம். உன் அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பாள். நீ அந்தச் செய்தியோடு நிறுத்தியிருக்கலாம். என்னைச் சிரிக்க வைக்கிறேன் என்று அந்த டீச்சரம்மாவின் கதையையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், உன் காதிலும் ஒரு தடவை விழட்டும். அந்த அம்மா குன்னூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போன கணவரை வாரம் இரண்டு நாள் காரில் ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார். அந்தக் காரை விற்றது உங்கள் கம்பெனி. நம் வீட்டில் இருந்த அதே மாதிரிச் சின்னக் கார், அதே வயசான வண்டி, மேலே புதுப் பெயின்ட். திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் அது நின்றுவிடுகிறது. நான்கு முறை உன் மேஜைக்கு முன்னால் வந்து நின்று புகார் சொல்லிவிட்டார். உள்ளே மெக்கானிக் பார்த்து, பெட்ரோல் பம்பு சூட்டில் மக்கர் செய்கிறது என்று உன்னிடம் சொல்லியும்விட்டார். ஆனால் ஒரு வண்டிக்கு ஒத்துக்கொண்டால் அதே மாதிரி விற்ற அத்தனை வண்டியும் வாசலில் வந்து நிற்கும் என்று மேனேஜர் சொன்னதால், நீ டீச்சரம்மாவிடம், "வண்டியில ஒண்ணும் இல்லம்மா, மலையில நீங்க ஓட்டுற விதந்தான் சரியில்ல" என்று சொல்லி அனுப்பினாய். அவரும், "அப்படியா தம்பி, எனக்குத்தான் ஓட்டத் தெரியலையா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது இந்த வயசில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாராம். அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் சிரித்திருக்கிறாய்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. இந்தப் பேச்சை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலில், பன்னிரண்டு வயசில், என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நெருக்கடி நிலை அறிவித்த வருஷம் நாம் அந்தக் காரை வாங்கினோம். நமக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. வெளிர் பச்சை நிறம், இடது பக்கக் கதவை உள்ளே இருந்து தூக்கிச் சாத்த வேண்டும். ஒரு மிளகுத் தரகன் வீட்டு வாசலில் கார் நிற்பது அந்தத் தெருவுக்கே அதிசயமாக இருந்தது. நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல்தான் அலைந்தேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்த நாள் தேவரா போகும் வழியில், வெலிங்டன் தீவில் கிடங்குகளுக்கு நடுவே, உச்சி வெயிலில் நின்றது. நானும் உன் அம்மாவும் தள்ளினோம், நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாய். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, எங்களை முட்டாளாக்குவது போல, சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அதற்குப் பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. காலையில் ஓடும், மழையில் ஓடும். வெயிலில் அரை மணி நேரம் ஓடினாலோ, எங்காவது வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றாலோ உயிரை விட்டுவிடும்.

விற்றவர்களிடம் போய்ச் சொன்னேன். எர்ணாகுளத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில், இன்று நீ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு மேஜைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் வேட்டியையும் அதில் ஒட்டியிருந்த மிளகுத் தூசியையும் பார்த்தான். "வண்டியில் குறை எதுவும் இல்லை, உங்களுக்குத்தான் ஓட்டிப் பழக்கம் போதாது" என்றான். கடிதம் எழுதினேன். ஒன்றல்ல, ஐந்தாறு. பதிலும் அதே வாசகத்தோடு வந்தது. நீ நம்பமாட்டாய், நான் அதை நம்பினேன். ஏழெட்டு மாதம் நம்பினேன். விடியற்காலையில் கோட்டைக் கொச்சி மைதானத்துக்குப் போய், உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கிளச்சை எப்படி விடுவது, கியரை எப்படி மாற்றுவது என்று முதலில் இருந்து பழகினேன். அங்கே வண்டி நிற்கவே நிற்காது, காலைக் குளிர்ச்சி அல்லவா. சரி, கற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைப்பேன். மத்தியானம் மறுபடி நடுத்தெருவில் நிற்கும். பின்னால் லாரிக்காரன் கத்துவான். ஒரு மனுஷனுக்குத் தன் கையின் மேலும் காலின் மேலும் இருக்கிற நம்பிக்கை போய்விட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உன்னிடமும் அம்மாவிடமும் நான் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது.

கடைசியில் தோப்பும்படியில் ஒரு மெக்கானிக், ஔசேப் சேட்டன், பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சிக்கு ஓடிக்கான் அறியாம். பனி வண்டிக்கா. தல தணுப்பிச்சா மதி" என்றார். எனக்கு ஓட்டத் தெரியும், காய்ச்சல் வண்டிக்குத்தான், தலையைக் குளிரவைத்தால் போதும் என்று அர்த்தம். எஞ்சினை ஒட்டியே பம்பு இருக்கிறது, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியிலேயே அடைத்துக்கொள்கிறது, ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் சரியாகிவிடும் என்று விளக்கினார். அந்த வண்டிகள் பாதிக்குப் பாதி இப்படித்தான், விற்கிறவர்களுக்கும் தெரியும் என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. வைத்தியம் கிடைத்ததைவிட, எனக்கு ஓட்டத் தெரியும் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பெரிதாக இருந்தது. அம்மா தன் நீலச் சேலை ஒன்றில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு தகர டப்பாவில் தண்ணீரும் அந்தத் துணியும் எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் இருந்தன. வண்டி நின்றதும் நீதான் குதித்து இறங்குவாய். கையைச் சுட்டுக்கொள்ளாமல் அந்தப் பம்பில் துணியைச் சுற்ற என்னைவிட உனக்கு நன்றாக வரும்.

இரண்டு வருஷம் அப்படி ஓட்டினேன். அலுத்துப்போனது. விற்றுவிடலாம் என்று பஜாரில் வாய் விட்டதும் மீரான் பாய் வந்தார். அவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ மாமா மாமா என்று அவர் மிளகாய் மண்டியே கதி என்று கிடந்தவன். தென்காசிப் பக்கத்துக்காரர், நமக்குப் பக்கத்துச் சீமை. பெருநாள் என்றால் நாம் மூன்று பேரும் அவர் வீட்டில்தான் சாப்பிடுவோம். அவர் வீட்டுக்காரி ஜமீலாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகியிருந்தது. எர்ணாகுளத்தில் டாக்டர் பார்க்கிறார், பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால்தான் கார் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். எதற்காக வாங்குகிறார் என்று தெரிந்துதான் விற்றேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பஜார் முறை உனக்குத் தெரியும். சாக்கை முன்னால் வைத்துவிட்டால், வாங்குகிறவன் குத்தூசியை எங்கே வேண்டுமானாலும் குத்தி மிளகை எடுத்துப் பார்க்கலாம். கேட்டால் தரகன் பதில் சொல்ல வேண்டும். ஈரம் இருந்தால் ஈரம் என்று சொல்ல வேண்டும். பிறகு துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை முடித்துவிட்டால் தீர்ந்தது, அதற்கப்புறம் குறை சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. முப்பது வருஷத்தில் நான் ஒரு சாக்கு ஈர மிளகை மறைத்து விற்றதில்லை. அந்தப் பெயர்தான் எனக்குச் சோறு போட்டது. அதனால்தான் மீரான் பாய் வண்டியைத் துருவிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து வாங்கினார். "குறை எதும் உண்டா அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "ஓட்டிப் பாருங்க பாய்" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அவரைக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னதும், கடற்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னதும் நான்தான். வண்டி பட்டுப்போல ஓடியது. வாசலிலேயே என் தோள்துண்டைப் போட்டு, பஜாரில் செய்வது போலவே விரல் பிடித்து முடித்தோம். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

அப்போதுதான் நீ வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாய். உனக்கு நினைவிருக்கும். முதல் நாள் சாயங்காலமே நான் சீட்டுக்கு அடியில் இருந்து எடுத்து, விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவையும் நீலத்துணியையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, "அப்பா, துணிய விட்டுட்டீங்க" என்று நீட்டினாய். மீரான் பாய், "என்ன துணி மருமகனே?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "கண்ணாடி துடைக்கிற கந்தல் பாய், நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். உன் தோளைப் பிடித்து அழுத்தினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தில் பார்த்தேன்.

அடுத்து வந்த கோடையில் ஜமீலாவுக்கு ஏழாம் மாதம். ஒரு மத்தியானம் திடீரென்று உதிரப்போக்கு. படகுத்துறையில் படகு இருந்தது, டாக்ஸியும் கிடைத்திருக்கும். சொந்தக் கார் இருக்கிறதே என்று மீரான் பாய் அதில்தான் ஏற்றினார். தோப்பும்படிப் பாலத்தில் எதிரே ஒரு லாரி மாட்டிக்கொண்டு வரிசை நின்றது. அந்த வெயிலில், அந்த வரிசையில், பெட்ரோல் வீணாகிறதே என்று அவர் எஞ்சினை அணைத்தார். வரிசை நகர்ந்தபோது வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். கீழே அத்தனை தண்ணீர் ஓடுகிறது மகனே, அந்தப் பாலத்துக்குக் கீழே. ஒரு டப்பாத் தண்ணீரும் ஒரு கந்தலும் போதும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மீன் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தான். ஜமீலா பிழைத்தாள். குழந்தை இல்லை, இனி உண்டாகவும் வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மீரான் பாய் என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அண்ணாச்சி, எம் புத்திதான். வண்டிய அணைச்சிருக்கக் கூடாது. எனக்கு ஓட்டத் தெரியல, எம் பிள்ளைய நானே கொன்னுட்டேன்" என்று அழுதார். அணைக்காமல் இருந்தாலும் அது நின்றிருக்கும். அதே பாலத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என்னிடம் மூன்று தடவை நின்ற வண்டி அது. அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து, "விதி பாய், யார் என்ன செய்ய முடியும்" என்றேன். வண்டியின் குறையை மறைத்து விற்றதைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன். என் குற்றத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டு, அவருக்கே ஆறுதலும் சொன்னேன். பதினோரு வருஷம் அவர் சுமந்தார். காரைப் பழைய இரும்புக்குப் போட்டார், அப்புறம் ஒரு சைக்கிளைக்கூட அவர் தொட்டதில்லை. எர்ணாகுளம் போக வேண்டும் என்றால் படகுதான், பாலத்துப் பக்கமே போகமாட்டார்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொன்னால் பஜாரில் என் பெயர் போய்விடும், தூக்கில் தொங்கிவிடுவேன் என்று அவளை மிரட்டிச் சத்தியம் வாங்கினேன். சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஆனால் அன்றிலிருந்து மீரான் பாய் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெருநாள் சாப்பாட்டை அவர்கள் நம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினாலும், வாங்கி நமக்குப் பரிமாறிவிட்டு, அவள் பழைய சோற்றைப் போட்டுக்கொள்வாள். நானும் நீயும் தின்றோம். ஜமீலா என்ன நினைத்திருப்பாள்? பிள்ளை இல்லாதவள் கைச்சோறு என்று ஒதுக்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா போனபோது, தலைமாட்டில் வந்து நின்று, "கடைசி வரைக்கும் எங் கையால ஒரு வாய் சாப்பிடலியே மைனி" என்று அவள் அழுததை நீயும் கேட்டாய். பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கெட்ட பெயரோடேயே உன் அம்மாவை அனுப்பிவைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மீரான் பாய் மண்டிக்குப் போனேன். "வாங்க அண்ணாச்சி, சாயா சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது, அதோடேயே சொல்லி முடித்தேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நான் அணைச்சதுனால இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். உங்க மேல தப்பே இல்ல."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியும் பாய்."

"மைனிக்கு இது தெரியுமா?"

"தெரியும். நான்தான் வாயைக் கட்டினேன். அதனாலதான் உங்க வீட்டுச் சோறு அவ தொண்டையில எறங்கல."

அவர் எழுந்து மாடிப்படியில் நின்று ஜமீலாவைக் கூப்பிட்டார். "இவர் ஒண்ணு சொல்லணுமாம். நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்றார். இரண்டாம் தடவை சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் கத்தவில்லை. "மைனியப் பத்தி ஊரெல்லாம் நான் என்னென்ன பேசியிருக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு இப்ப பதினோரு வயசு இருக்கும். நீங்க போங்க" என்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். அதற்கு இடம் இல்லை. வந்துவிட்டேன். இனி பெருநாளுக்கு நம் வீட்டுக்கு எதுவும் வராது. பஜாரில் செய்தி பரவியாயிற்று. என்னோடு துண்டுக்குள் கை வைக்க ஆட்கள் யோசிக்கிறார்கள், அது நியாயம்தான். எனக்கு வயதும் ஆகிவிட்டது, தரகை இதோடு விட்டுவிடுவேன்.

ஆனால் ஒன்று பார்த்தேன். சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது மீரான் பாய் வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். படகுத்துறைக்குப் போகவில்லை. பாலத்து வழியாக எர்ணாகுளம் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்பே அவரை அதில் ஏற்றியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான் செலவாகியிருக்கும்.

அந்த வாக்கியத்தைத்தான் உன்னிடம் கேட்கிறேன். டீச்சரம்மா வியாழக்கிழமை கீழே வருவார் என்று எழுதியிருக்கிறாய். அவர் மறுபடி மலை ஏறுவதற்கு முன்னால் போய்ப் பார். உனக்கு வேலை போகலாம். போனால் இங்கே வா, இருக்கிற கஞ்சியை இரண்டு பேரும் குடிப்போம். முதலில் வண்டியைப் பற்றிப் பேசாதே. "உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியும்மா, தப்பு உங்க மேல இல்ல" என்று சொல். பம்பை மாற்றுகிற பேச்சு அப்புறம். மாற்றுகிற வரைக்கும் அவர் நடுவழியில் நிற்கக் கூடாது, அவர் கணவர் பின் சீட்டில் படுத்திருப்பார்.

இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில், துவைத்து மடித்து வைத்திருந்தாள். எதற்காக வைத்திருந்தாளோ, என்னிடம் அவள் சொல்லவில்லை. நீலம் வெளுத்துப்போயிருக்கிறது, எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. அந்த அம்மாவின் வண்டியில், சீட்டுக்கு அடியில், ஒரு டப்பாத் தண்ணீரோடு இதை வை. எப்படிச் சுற்றுவது என்று நீயே செய்து காட்டு. உனக்குக் கை மறந்திருக்காது.

அப்பா